பிரீமியரில் இருந்து ரிசால்வுக்கு: ட்ரிம் செய்வதை மறுபடி பழகிய கதை

பல வருடம் பிரீமியர் புரோ என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் எடிட் செய்துவிட்டு டாவின்சி ரிசால்வுக்கு மாறப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது கலர் பற்றியோ எக்ஸ்போர்ட் பற்றியோதான். ஆனால் முதல் வாரத்தில் வேலையை நிஜமாகவே மெதுவாக்குவது ட்ரிம். ஒரு கிளிப்பின் நுனியைப் பிடித்து நாலு ஃபிரேம் குறைப்பது, இரண்டு ஷாட்டுக்கு நடுவே இருக்கும் 'கட்'டை (ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை) கொஞ்சம் முன்னாடி தள்ளுவது, பேச்சுக்கு நடுவே ஒரு மூச்சை எடுப்பது. எடிட்டர் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான். இதை யோசிக்காமல் செய்யப் பழகிய கை புது மென்பொருளில் ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க ஆரம்பித்தால், காட்சியின் தாளம் மனதில் இருந்து போய்விடுகிறது. அதனால் மாறும்போது வேறு எதையும் விட ட்ரிம்மைத்தான் முதலில், தனியாக உட்கார்ந்து, கற்றுக்கொள்ளவேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் மதுரையில் கல்யாண வீடியோக்களும் கிராமியக் கலைஞர்களின் நீண்ட பேட்டிகளும் எடிட் செய்கிறேன். எங்கள் அறையில் கலர் பார்ப்பவர் முதலிலிருந்தே ரிசால்வில்தான். நான் பிரீமியரில் வெட்டி எக்ஸ்எம்எல் (கட் விவரங்கள் அடங்கிய கோப்பு) எடுத்துக் கொடுப்பேன். கட்டுகள் ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆனால் சில எஃபெக்ட், டைட்டில், வேகத்தைக் கூட்டிக் குறைத்த ஷாட் எல்லாவற்றையும் அங்கே மறுபடி கட்டவேண்டும், கலர் முடிந்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஷாட்டை மாற்றச் சொன்னால் இரண்டு பக்கமும் வேலை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். ரிசால்வ் கலர் கருவியாகப் பிறந்தது, 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அதை வாங்கிய பிறகுதான் எடிட்டிங் பக்கம் இந்த அளவுக்கு வளர்ந்தது. நான் கீழே சொல்லும் ட்ரிம் வசதிகள் எல்லாம் இலவசப் பதிப்பிலேயே இருக்கின்றன, காசு கட்டித்தான் பழகவேண்டும் என்று இல்லை.

முதல் சிக்கல் கீபோர்டு எழுத்துகளில் வரும் (ரிப்பிள், ரோல், ஸ்லிப், ஸ்லைடு என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்). பிரீமியரில் 'பி' (B) என்றால் ரிப்பிள், ரிசால்வில் 'பி' என்றால் பிளேடு, அதாவது வெட்டும் கத்தி. பிரீமியரில் 'என்' ரோலிங் எடிட், இங்கே அது ஸ்னாப்பிங்கை, அதாவது கிளிப்புகள் தானாக ஒட்டிக்கொள்வதை, அணைத்துவிடும். 'வி' அங்கே செலக்‌ஷன் டூல், இங்கே பிளேஹெட்டுக்கு (வீடியோ ஓடும் இடத்தைக் காட்டும் கோட்டுக்கு) பக்கத்தில் இருக்கும் கட்டைத் தேர்ந்தெடுக்கும், செலக்‌ஷனுக்கு 'ஏ'. 'யூ' அங்கே ஸ்லைடு, இங்கே கட்டின் எந்தப் பக்கம் நகரவேண்டும் என்று மாற்றும் கீ. எல்லாவற்றையும் விட அதிகமாகத் தொந்தரவு கொடுப்பது 'கியூ', 'டபிள்யூ' இரண்டும். பிரீமியரில் பேட்டி வெட்டும் யாருக்கும் இவை உயிர்: பிளேஹெட் இருக்கும் இடம் வரை முன்பகுதியையோ பின்பகுதியையோ எடுத்துவிட்டு இடைவெளியையும் மூடிவிடும். ரிசால்வில் 'கியூ' அழுத்தினால் பார்வை சோர்ஸுக்கும் (மூலக் கிளிப்) டைம்லைனுக்கும் (வெட்டி அடுக்கிய வரிசை) மாறும், 'டபிள்யூ' அழுத்தினால் டைனமிக் ட்ரிம் (ஓட்டிக்கொண்டே வெட்டும் முறை, கீழே சொல்கிறேன்) திறக்கும். அதே வேலை இங்கே கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு சதுர அடைப்புக்குறி. திறக்கும் குறி முன்பகுதிக்கு, மூடும் குறி பின்பகுதிக்கு. கன்ட்ரோலை விட்டு ஷிஃப்ட் மட்டும் பிடித்தால் வெட்டும், ஆனால் இடைவெளி அப்படியே நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்தைத் தாளில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டிவைக்கலாம், அவ்வளவு முக்கியம்.

டெலிட்டும் அப்படித்தான். பிரீமியரில் டெலிட் அடித்தால் கிளிப் போய் ஓட்டை நிற்கும், ஓட்டையையும் சேர்த்து மூட ஷிஃப்ட் வேண்டும். விண்டோஸில் ரிசால்வ் ஓடும்போது பேக்ஸ்பேஸ்தான் ஓட்டையை விடும், டெலிட் கீ பின்னால் இருப்பதை எல்லாம் இழுத்து மூடிவிடும். பாட்டுக்கு மேல் வெட்டிய டைம்லைனில் இது தெரியாமல் போனால் மீதிப் பாட்டு முழுவதற்கும் படம் தள்ளிப்போய் நிற்கும்.

சரி, பிரீமியர் கீபோர்டையே ரிசால்வில் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். போடலாம். கன்ட்ரோல், ஆல்ட், 'கே' அழுத்தினால் கீபோர்டு அமைப்பு திறக்கும், அங்கே பிரீமியர், ஃபைனல் கட், அவிட் எல்லாவற்றுக்கும் தயார் அமைப்பு இருக்கிறது. அடுத்த வாரம் ஒரு படம் கொடுத்தாகவேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் அவகாசம் இருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். காரணம், இரண்டு மென்பொருளும் ட்ரிம்மைப் பார்க்கும் விதமே வேறு. பிரீமியர் ரிப்பிள், ரோல், ஸ்லிப், ஸ்லைடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டூல் கொடுக்கிறது. ரிசால்வில் 'டி' (T) அழுத்தினால் ட்ரிம் எடிட் மோடு என்று ஒன்றுதான் வருகிறது, அதற்குள் மவுஸ் எங்கே நிற்கிறது என்பதை வைத்து அதுவே மாறிக்கொள்கிறது. கிளிப்பின் நுனியில் வைத்தால் ரிப்பிள், இரண்டு கிளிப் சேரும் இடத்தின் நடுவே வைத்தால் ரோல், கிளிப்பின் மேல்பகுதி நடுவில் வைத்தால் ஸ்லிப், கீழே பெயர் எழுதியிருக்கும் பட்டையில் வைத்தால் ஸ்லைடு. ஒன்றில் இருந்து ஒன்றுக்குப் போக டூல் மாற்றவே வேண்டாம். பழைய கீபோர்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பழைய யோசனையிலேயே வேலை செய்வோம், இந்த வசதி கைக்கு வரவே வராது. டிராக் உயரத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், உயரம் குறைவாக இருந்தால் மேல்பகுதியையும் பெயர்ப்பட்டையையும் பிரித்துப் பிடிப்பது சிரமம்.

எந்த மென்பொருளுக்குப் போனாலும் மாறாத விஷயம் ஒன்று உண்டு, அதைப் பிடித்துக்கொண்டால் கீ எதுவாக இருந்தாலும் பழகிவிடலாம். ஒரு கட்டைத் தொடும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளவேண்டும். மொத்த நீளம் மாறுகிறதா? கிளிப் இருக்கும் இடம் மாறுகிறதா? கிளிப்புக்குள் தெரிவது மாறுகிறதா? ரிப்பிளில் மொத்த நீளம் மாறும், பஸ் சீட்டில் ஒருவர் நகர்ந்ததும் வரிசை முழுக்க நகர்ந்து உட்காருவதுபோல பின்னால் இருப்பதெல்லாம் நகரும். ரோலில் மொத்த நீளம் மாறாது, ஒரு கிளிப் வளர மற்றது குறையும், கட் மட்டும் இடம் மாறும். ஸ்லிப்பில் நீளமும் இடமும் அப்படியே, உள்ளே தெரியும் பகுதி மட்டும் மாறும். ஸ்லைடில் கிளிப்புக்குள் இருப்பது மாறாது, அது இடது வலது நகர, பக்கத்துக் கிளிப்புகள் இரண்டும் விட்டுக்கொடுக்கும். ஸ்லைடு எனக்கு அபூர்வமாகத்தான் தேவைப்படுகிறது. ரிப்பிளும் ரோலும் நாள் முழுக்க.

இப்போது பேட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் தமிழ்ப் பேச்சை வெட்டுவதில் ட்ரிம்முக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும், இதைப் பெரும்பாலான வீடியோ பாடங்களில் யாரும் சொல்வதில்லை.

நம் பேச்சில் வினை கடைசியில் வருகிறது, யார் செய்தார்கள் என்பது அந்த வினையின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. "அப்பாகூட வாசிச்சேன்", "அப்பாகூட வாசிச்சோம்", "அப்பாகூட வாசிச்சாங்க". மூன்றும் கடைசி நொடிப்பொழுதில்தான் பிரிகின்றன. பேச்சுத்தமிழில் கடைசி 'ம்', 'ன்' எல்லாம் மூக்கொலியாகக் கரைந்துதான் முடியும், அதை அலைவடிவத்தில் பார்த்தால் மெல்லிய கோடுபோல, அமைதிபோலவே இருக்கும். கண்ணை மட்டும் நம்பி அலை தாழ்ந்த இடத்தில் ரிப்பிள் அடித்தால் அந்த 'ம்' போய்விடும், கேட்பவருக்கு வாக்கியம் முடியாததுபோல் ஒரு இடறல். 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிசெகண்ட், இரண்டு ஃபிரேம் போனாலே அந்த மூக்கொலி பாதி போய்விடும். வாக்கியத்தின் தொடக்கம் இதற்கு நேர் எதிர். 'ப', 'த', 'க' போன்ற வல்லினத்தில் தொடங்கும் சொல் அலைவடிவத்தில் திடீரென்று எழும்பும், அதற்கு ஒரு ஃபிரேம் முன்பு வரை ஒட்டி வெட்டலாம், கெடாது. ஆக தொடக்கத்தில் கண்ணை நம்பலாம், முடிவில் காதைத்தான் நம்பவேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம், மறுப்பும் நம் மொழியில் கடைசியில்தான் வரும். "காசுக்காகத்தான் வாசிக்கிறோம்னு சொல்ல முடியாது" என்று ஒருவர் சொல்லும்போது 'வாசிக்கிறோம்' என்ற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டால், அவசரத்தில் அங்கேயே கட் வைக்கத் தோன்றும். வைத்தால் அவர் சொன்னதற்கு நேர் எதிரானதை அவர் வாயாலேயே சொல்லவைத்துவிடுவோம். வயதானவர்கள் நிதானமாகப் பேசும்போது இந்த இடைவெளி ஒரு நொடிக்கும் மேல் போகும். அதனால் புது மென்பொருளில் வேகம் வரும்வரை, பேட்டியில் அடைப்புக்குறி ஷார்ட்கட்டை அடிக்கும் முன் வாக்கியம் முழுவதையும் கடைசி வரை கேட்டுவிடுங்கள். வேகம் வந்த பிறகும் கேளுங்கள், தன் வாழ்க்கையை நம்மிடம் நம்பிச் சொல்கிறவருக்கு இந்த அளவு மரியாதையாவது செய்யவேண்டும்.

இப்படிக் காதால் வெட்டுவதற்கு ரிசால்வின் டைனமிக் ட்ரிம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 'வி' அழுத்திக் கட்டைத் தேர்ந்தெடுத்து, 'யூ' அழுத்தி எந்தப் பக்கம் என்று வைத்து, 'டபிள்யூ' அழுத்தியதும் 'ஜே', 'கே', 'எல்' மூன்றும் ட்ரிம் செய்ய ஆரம்பிக்கும். 'எல்' அழுத்தினால் வீடியோ ஓடும், கூடவே கட்டும் நகரும், 'கே' அழுத்திய இடத்தில் கட் நிற்கும். அதாவது கேட்டுக்கொண்டே வெட்டலாம். 'கே'யைப் பிடித்துக்கொண்டே 'எல்' தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாகப் போகும், ஸ்பேஸ்பார் தட்டினால் கட்டைச் சுற்றியிருக்கும் பகுதியை ஓட்டிக் காட்டும். பிரீமியரின் ட்ரிம் மோடிலும் 'ஜே', 'கே', 'எல்' இப்படி வேலை செய்யும், ஆனால் அங்கே 'கியூ', 'டபிள்யூ' அவ்வளவு சுலபமாக இருப்பதால் பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை. ரிசால்வுக்கு வந்தபிறகு அது ஒரு கீ தூரத்தில் இருப்பதால் எனக்குப் பழக்கமாகிவிட்டது. வேலை முடிந்ததும் 'ஏ' அழுத்தி வெளியே வந்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்து சாதாரணமாக ஓட்டிப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கட்டை நகர்த்திக்கொண்டிருப்போம்.

நுணுக்கமாக ஒன்றிரண்டு ஃபிரேம் நகர்த்த, கட்டைத் தேர்ந்தெடுத்துக் காற்புள்ளி அடித்தால் இடப்பக்கம் ஒரு ஃபிரேம், முற்றுப்புள்ளி அடித்தால் வலப்பக்கம். ஷிஃப்டோடு அடித்தால் வழக்கமாக ஐந்து. கூட்டல் குறி போட்டு எண்ணையும் தட்டலாம், அதுவும் நகர்த்தும்.

அடுத்தது ஜே கட், எல் கட். அதாவது படமும் ஒலியும் ஒரே இடத்தில் வெட்டப்படாமல், ஒலி முன்னால் வருவது ஜே, பின்னால் நீள்வது எல். கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்ற குரலும் தவிலும் நாதஸ்வரமும் எழும்பும்போது படம் இன்னும் பெண்ணின் அம்மா முகத்தில் இருக்கட்டும், ஒலி நிறைந்த பிறகு மணமேடைக்குப் போகட்டும், அந்தக் கட்டுக்கு ஒரு தனி பலம் வரும். இதற்கு ஒலியின் கட்டை மட்டும் ரோல் செய்யவேண்டும். ரிசால்வில் கட்டைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், 'யூ' அடித்தால் படமும் ஒலியும், படம் மட்டும், ஒலி மட்டும் என்று மாறிக்கொண்டே வரும். ஒலி மட்டும் என்று வைத்து ரோல் செய்யுங்கள். மவுஸில் செய்வதானால் ஆல்ட் பிடித்துக்கொண்டு ஒலியின் கட்டை மட்டும் சொடுக்கலாம். அதிகம் இப்படிச் செய்யவேண்டிய நாளில், படத்தையும் ஒலியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கும் லிங்க்டு செலக்‌ஷனையே கன்ட்ரோல், ஷிஃப்ட், 'எல்' அடித்து அணைத்துவிடலாம், ஆனால் முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடவேண்டும்.

ஸ்லிப்பின் அருமை பறை, தவில் போன்ற தாளக் காட்சிகளில்தான் தெரியும். பறையில் அடிக்குச்சி தோலில் படும் கணம் படத்தில் ஒரு ஃபிரேமில்தான் இருக்கும். ஒலியை ஒரு மைக்கில் தனியாக எடுத்து, படத்தை வேறு கோணங்களில் இருந்து போடும்போது அந்த ஃபிரேம் அடியோடு பொருந்தவேண்டும், பார்ப்பவர்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் பொருந்தவில்லை என்பது தெரிந்துவிடும். இதில் கவனிக்கவேண்டிய ஒன்று: ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகிறது. மேடையில் இருந்து 15 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் மைக்கில் ஒலி சுமார் 44 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் பதிவாகும், அதாவது ஒரு ஃபிரேமுக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கேமராவின் ஒலியை வைத்து மைக் ஒலியோடு சிங்க் செய்தால் படம் ஒரு ஃபிரேம் பிசகியே நிற்கும். ட்ரிம் மோடில் அந்தக் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து காற்புள்ளி, முற்றுப்புள்ளி அடித்தால் கிளிப் இடம் மாறாமல் உள்ளே இருப்பது ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்லிப் ஆகும், குச்சி தோலில் படும் இடம் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். இழுத்து ஸ்லிப் செய்யும்போது வியூவரில் நான்கு ஃபிரேம் தெரியும், டைம்லைனில் ஒரு வெள்ளைக் கோட்டுச் சட்டம் அந்த கிளிப்புக்கு மொத்தம் எவ்வளவு ஃபுட்டேஜ் இருக்கிறது என்று காட்டும். முதலில் அது குழப்பமாகத் தெரிந்தாலும் பழகியபின் அது இல்லாமல் முடியாது.

ஃபுட்டேஜ் என்றதும் ஞாபகம் வருகிறது. கட்டைத் தேர்ந்தெடுத்ததும் குறி பச்சையாக இருந்தால் இன்னும் இழுக்க இடம் இருக்கிறது, சிவப்பானால் அந்தப் பக்கம் பதிவு தீர்ந்துவிட்டது. இதற்கு மென்பொருளில் எந்தத் தீர்வும் இல்லை, ஷூட்டில்தான் உண்டு. கேமராக்காரர்களிடம் நான் எப்போதும் கேட்டுக்கொள்வது, பேச்சு தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் சில நொடி ஓடவிடுங்கள் என்பதுதான். "போதும்ங்க" என்று சொல்லி உடனே நிறுத்திவிட்டால் டிசால்வ் (ஒரு ஷாட் கரைந்து அடுத்தது வருவது) போடக்கூட இடம் இருக்காது.

ரிப்பிள் செய்யும்போது மற்ற டிராக்குகள் என்ன ஆகின்றன என்பதையும் ஆரம்பத்திலேயே பழகிவிடுங்கள். பிரீமியரில் சிங்க் லாக் (எந்த டிராக்குகள் ரிப்பிளோடு சேர்ந்து நகரவேண்டும் என்று வைப்பது) செய்யும் வேலையை ரிசால்வில் டிராக் தலைப்பில் இருக்கும் ஆட்டோ செலக்ட் பொத்தான் பார்த்துக்கொள்கிறது. அது அணைந்திருக்கும் டிராக் ரிப்பிளோடு நகராது. பின்னணி இசை நகரக்கூடாது என்றால் அந்த டிராக்கில் அணைத்துவைக்கலாம், ஆனால் பேச்சோடு ஒட்டிய பி-ரோல் (பேச்சுக்கு மேல் போடும் துணைக் காட்சி) இருக்கும் டிராக்கில் அணைந்திருந்தால் பேச்சு ஓரிடம், படம் ஓரிடம். லிங்க் ஆன படமும் ஒலியும் விலகினால் கிளிப் மேலேயே எத்தனை ஃபிரேம் விலகியது என்று சிவப்பில் காட்டும். நான் பெரிய ரிப்பிள் எதுவும் செய்தபின் டைம்லைனின் கடைசிக்குப் போய் அங்கே ஒரு கட்டை ஓட்டிப் பார்ப்பேன். கடைசி சரியாக இருந்தால் நடுவில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பழகுவதற்குக் கையில் இருக்கும் வாடிக்கையாளர் வேலையை எடுக்காதீர்கள். ஏற்கெனவே முடித்துக் கொடுத்த ஒரு பேட்டியின் ரஷ்ஷை (வெட்டாத மூலப் பதிவை) எடுங்கள். முன்பு எப்படி வெட்டினோம் என்பது மனதில் இருக்கும், அதனால் கதை பற்றி யோசிக்காமல் கையைப் பற்றி மட்டும் யோசிக்கலாம். ஒரு நாளில் ஒரே ஒரு செயல். ரிப்பிள் என்றால் அன்றைக்கு முழுக்க ரிப்பிள் மட்டும், மவுஸில் ஒரு முறை, ஷார்ட்கட்டில் ஒரு முறை, டைனமிக் ட்ரிம்மில் ஒரு முறை. அடுத்த நாள் ரோல். அப்புறம் ஸ்லிப். இதை நான் சொல்லிக்கொடுத்த இரண்டு தம்பிகளில் ஒருவர் பிரீமியரில் இருந்து வந்தவர், இன்னொருவர் மொபைலில் மட்டும் எடிட் செய்தவர். மொபைலில் இருந்து வந்தவர் ரிப்பிளைச் சீக்கிரம் பிடித்தார், ஏனென்றால் மொபைல் ஆப்களில் முதன்மை டிராக்கில் வெட்டினால் அதுவே மூடிக்கொள்ளும். அவருக்கு ரோல்தான் புதுசு. பிரீமியர் தம்பிக்கு எல்லாம் தெரியும், கைதான் பழைய கீக்கு ஓடும். ஒரே பாடம் இரண்டு பேருக்கும் பொருந்தாது, யார் எங்கிருந்து வருகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். மொபைலில் இருந்து வருகிறவர்கள் எடிட் பேஜுக்குப் பதிலாக 2019-இல் ரிசால்வ் 16-ஆம் பதிப்போடு வந்த கட் பேஜில் தொடங்கினாலும் தப்பில்லை.

இன்னும் ஒன்று, இது பேட்டி எடிட் செய்கிறவர்களுக்கு மட்டும். சில சமயம் ஒரு ஃபிரேம் கூட ஒலிக்குப் பெரிய அளவாகிவிடும், 'ம்' முழுக்க வேண்டும், ஆனால் அதை ஒட்டியே வரும் அடுத்த சொல்லின் தொடக்கம் வேண்டாம். அப்போது எடிட் பேஜில் போராடாமல் அதே டைம்லைனை ரிசால்வின் ஒலிப் பக்கமான ஃபேர்லைட் பேஜில் திறந்து ஒலியை மட்டும் ஃபிரேமை விடச் சின்ன அளவில் ட்ரிம் செய்யுங்கள், முடிவில் ஒரு குட்டி ஃபேட் கொடுங்கள். படத்தைத் தொடவே வேண்டாம்.